மைக் நின்ற இடம்

ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் மண்ணுக்குள் இறங்கிப்போன வருஷம், நெசவாலைக் கதவைப் பூட்டிவிட்டு முதலாளி யார் கண்ணிலும் படாமல் இருந்த வருஷம், நம் சந்துக்கு முதன்முதலாகக் குழாய் வந்து எல்லோரும் வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்த வருஷம், அந்த வருஷத்தில் பிறந்த என் மகள் பன்னுவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரப்பிள்ளை அந்த வாலுக்குட்டியும் உடம்பும் மனசும் ஒன்றுபோல நன்றாக இருக்கவேண்டும், கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். இங்கே நாங்களும் நலம் என்று எழுதச் சொன்னேன், இவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், "தட்டுல வெச்சது வெச்சபடி இருக்கு, நலமாம் நலம்" என்கிறாள். சரி, நலத்தில் கொஞ்சம் குறைவு என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய், தம்பியும் அதைத்தான் கேட்டான். போனில் உன் குரல் வந்ததும் நீ என்ன சொல்கிறாய் என்று என் காதில் விழுவதில்லை அம்மா, அந்தக் குரலில் எங்கேயாவது கீறல் இருக்கிறதா, நேற்றைவிட இன்றைக்கு அடைப்பு கூடியிருக்கிறதா என்று அதையேதான் தேடுகிறேன். நீயும் அதைக் கண்டுபிடித்துவிட்டாய், தொண்டையைச் செருமிக்கொண்டு பளிச்சென்று பேசுகிறாய், நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாமல் சரிம்மா சரிம்மா என்கிறேன். இரண்டு பேரும் நடிப்பதற்கு எதற்குப் போன், அதனால்தான் கடிதம். காகிதத்துக்குக் குரல் கிடையாது, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம்.

உன் கழுத்துக் கட்டியை அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. கெட்ட கட்டி இல்லை என்று சோதனை பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அது பெரிய நிம்மதி, அதை நான் மறக்கவில்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை உரசிக்கொண்டு ஓடுகிறது, கை வைத்தால் கொஞ்ச நாள் கரகரக்கலாம், ஒன்றிரண்டு பேருக்குப் பழைய குரல் திரும்பாமலே போனதும் உண்டு என்று டாக்டர் சொன்னதாக நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அங்கே குளிர் குறைந்துவிட்டது என்றாய். குளிர் குறைந்தால் எனக்கென்ன, கூடினால் எனக்கென்ன. உன் தம்பி பெண்டாட்டி மருந்துக்கடையில் நிற்கிறவள், அவளுக்கு இதெல்லாம் தெரியும், "இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க எத்தனை பேரு கடைக்கு வர்றாங்க மாமா, எல்லாரும் கணீர்னுதான் எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் போறாங்க" என்று தைரியம் சொல்கிறாள். சண்டை போடுகிற குரல் வேறு, பாடுகிற குரல் வேறு என்று நான் சொன்னேன். நீ பாடுகிறவள் என்பதை அந்த டாக்டரிடம் சொன்னாயா என்று நான் கேட்டதற்கு நீ சிரித்துவிட்டு, "நான் என்னப்பா மேடையேறிப் பாடறவளா, வீட்டுல முணுமுணுக்கறவதானே, இதைப் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்றது" என்றாய். அந்த வார்த்தைதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. மேடைக்காரியின் நரம்பென்றால் டாக்டர் பார்த்துப் பார்த்துக் கத்தி வைப்பார், வீட்டுக்காரியின் நரம்பென்றால் அசட்டையாக இருப்பார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இன்னது இருக்கிறது என்று சொன்னால்தானே அவருக்கும் தெரியும். ரொட்டிக்கடையில் நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காலத்திலும், இந்தத் தட்டில் இருப்பது மெத்தென்று வரவேண்டிய மாவு என்று பிசைந்தவன் வாயைத் திறந்து சொன்னால்தான் அடுப்புக்காரன் தீயைத் தணிப்பான்.

போன வாரம் இவள் கடை முதலாளி பாட்டுக் கச்சேரிக்கு மூன்று அனுமதிச் சீட்டு கொடுத்தார். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன், தம்பி விடவில்லை, "வீட்டுல உக்காந்து கூரையப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு அங்க வந்து உக்காந்து கூரையப் பாருங்கப்பா" என்று இழுத்துக்கொண்டு போனான். புது அரங்கம், நாற்காலி நம்மை உள்ளே வாங்கிக்கொள்கிறது, எழுந்திருக்க ஆள் வேண்டும். பாடியது உன் வயசு இருக்கும் ஒரு பெண், நல்ல சாரீரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள், நான் மட்டும் கண்ணைத் திறந்து அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போகும்போது அந்த இடம் எப்படி ஏறுகிறது, கீழே வரும்போது எப்படி இறங்குகிறது, நரம்பு எங்கே புடைக்கிறது என்று பார்த்ததில் என்ன பாடினாள் என்றே எனக்குத் தெரியாது. பஸ்ஸிலும் இப்போதெல்லாம் இப்படித்தான், ஆட்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைத்தான் பார்க்கிறேன், கண்டக்டர் ஒருவர் கழுத்துப்பட்டையை இழுத்து மூடிக்கொண்டார். கச்சேரியில் நடுவில் அந்தப் பெண்ணுக்கு லேசாக ஒரு செருமல் வந்தது. அவ்வளவுதான், நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது, அந்த நாற்காலியிலிருந்து ஆள் துணையில்லாமல் எழுந்து நின்று, "தண்ணி குடிம்மா, அவசரமில்ல" என்று கத்திவிட்டேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. தம்பி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். ஆனால் அந்தப் பெண் நல்ல பிள்ளை, பக்கத்திலிருந்த குப்பியை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு என் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தம்பி, "இனிமே உங்கள வாசல்லயே நிறுத்திடணும்ப்பா" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் என் முதல் கச்சேரியை நான் வாசலில் நின்றுதான் கேட்டேன்.

அது நீ பிறந்த வருஷம். உனக்குக் கழுத்து நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பழைய நகர மண்டபத்து மேனேஜருக்கு உன் சைக்கிள்கடை பெரியப்பா ஏதோ வண்டி சரிசெய்து கொடுத்ததில் அவர் பெரியப்பாவுக்கும், அம்மாவின் தம்பி லைன்மேன் மாமாவுக்கும், அம்மாவுக்கும் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார். எனக்கும் இடம் இருந்தது, ஆனால் நான் கடையிலிருந்து நேராக ஓடி வந்தேன், சட்டையெல்லாம் மாவு, வாசல்காரர், "நாற்காலில ஒட்டிக்கும்யா, இப்படியே நின்னு கேளு" என்று கதவோரம் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. நடுத்தர வயசு அம்மாள் ஒருத்தி, சின்ன உருவம், ஒரு வயலின்காரர், ஒரு ஆர்மோனியக்காரர். கடைசியாக ஒரு பாட்டுப் பாடினாள், அக்கரையில் நிற்கிற பெண்ணை ஓடக்காரன் கூப்பிடுகிற பாட்டு. முதல் தடவை மழை வருகிறது சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறான், இரண்டாம் தடவை கையில் விளக்கு இருக்கிறது பயப்படாதே என்று கூப்பிடுகிறான், மூன்றாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தான், மைக் நின்றுவிட்டது. அந்த அம்மாள் நிறுத்தவில்லை, பாடிக்கொண்டேதான் இருந்தாள், முன்வரிசைக்காரர்களுக்குக் கேட்டிருக்கும், கடைசி வரிசைக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. லைன்மேன் மாமா பழக்கதோஷத்தில் எழுந்து, "எந்தப் பக்கம் ஒயர் போகுது" என்று கிளம்பிவிட்டார், பெரியப்பா அவர் வேட்டியைப் பிடித்து, "உக்காருடா, இது உன் கம்பமில்ல" என்று உட்காரவைத்தார். மைக் திரும்பி வந்தபோது ஓடக்காரன் கூப்பிட்டு முடித்திருந்தான், படகு நகர்ந்துகொண்டிருந்தது, பாட்டும் முடிந்தது. பாலம் சரியாக இருந்திருந்தால் பஸ்ஸில் ஏறித் தூங்கி வழிந்து வீடு வந்திருப்போம், அந்தப் பாட்டும் அத்தோடு போயிருக்கும். பாலம் இறங்கிவிட்டதால் பஸ் இல்லை, வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய பழைய கல் தடுப்பணை வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தோம். நடக்கிற அலுப்புத் தெரியாமல் இருக்க அம்மா ஆரம்பத்தைப் பாடினாள், ஒரு தடவை கேட்டால் அவளுக்குச் சொல் ஒட்டிக்கொள்ளும். விளக்குக்காரப் பகுதி பெரியப்பாவுக்கு நினைவிருந்தது. மாமாவுக்கு ஒரு சொல்லும் நிற்கவில்லை, ஆனால் நடுவில் வயலின் வாசித்ததை அப்படியே மூக்கால் இழுத்தார். நான் கையிலிருந்த காலி ரொட்டித் தகரத்தில் தட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது கூப்பிடல் வந்ததும் யாருக்கும் தெரியவில்லை, நால்வரும் அந்த அம்மாள் செய்தமாதிரியே சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தோம், அசைத்துவிட்டு நடுவழியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ அம்மா தோளில் விழித்துக்கொண்டு என்னவோ ஏதோ என்று பார்த்தாய்.

அதற்கப்புறம் அந்தப் பாட்டை ரேடியோவிலும் கேட்டதில்லை, வேறு மேடையிலும் கேட்டதில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடினால் அதுதான், ஒருத்தருக்கு ஒரு துண்டு, ஒருத்தர் வராவிட்டால் பாட்டுக்கு ஒரு கால் நொண்டும். பெரியப்பா வர முடியாத வாரம் மாமா விளக்குப் பகுதியைத் தப்புத்தப்பாகப் பாடுவார், அம்மா, "என் தம்பி விளக்கைக் குடுத்தா படகு கரை சேராது" என்பாள். மைக் நின்ற இடத்தில் எல்லோரும் வாயை அசைப்போம், அதில் ஒரு வேடிக்கை, ஒவ்வொருவரும் உள்ளே ஒவ்வொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படகில் இடமில்லை நாளைக்கு வா என்றுதான் ஓடக்காரன் சொல்லியிருப்பான் என்பார் பெரியப்பா. "அவன் எங்க அவளக் கூப்பிட்டான், மைக்க சரி பண்ணுங்கடான்னுதான் கத்தியிருப்பான்" என்பார் மாமா. அம்மா மட்டும், "மழையும் சொல்லியாச்சு, விளக்கும் சொல்லியாச்சு, மூணாவது தடவ அவ பேரச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பான், வேற என்ன இருக்கு" என்பாள். நீ மூன்று பேர் மடியிலும் மாறி மாறி வளர்ந்ததால் மூன்று துண்டும் உனக்கு வந்துவிட்டது, மாமாவின் மூக்கு வயலின் உள்பட. பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில் நீ அதைத்தான் பாடுவேன் என்று அடம்பிடித்துப் பாடினாயே, நானும் அம்மாவும் கடைசி வரிசையில் இருந்தோம். மூன்றாம் கூப்பிடல் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்தாய். வாத்தியார் பாவம், எடுத்துக்கொடுக்கலாம் என்று, "பாதியில மறந்துட்டியாம்மா" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "இல்ல சார், அந்த எடத்துல மைக் நின்னுடும்" என்றாய். பரிசு வேறு பிள்ளைக்குப் போனது, அம்மா உன்னைத் தூக்கிச் சுற்றியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் பத்து நாளாக ஒரே பிடியாக நிற்கிறான், அக்காவை ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பாட்டை முழுசாகப் பாடச்சொல்லிப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று. முழுப்பாட்டும் தெரிந்தவள் நீ ஒருத்திதான், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அவன், "பதிஞ்சு வெச்சுட்டா பின்னாடி எப்படியானாலும் நம்மகிட்ட இருக்கும்ல" என்று ஒரு வார்த்தை விட்டான். இவள் கையில் இருந்த கரண்டியை ஓங்கிக்கொண்டு, "பின்னாடி எப்படியானாலும்னா என்னங்க அர்த்தம், வாயக் கழுவுங்க" என்று போனாள். (அண்ணி, இது எழுதுகிற நான், மாமா சொல்வதை அப்படியே எழுதுகிறேன், கரண்டியை நான் ஓங்கவில்லை, கையில் இருந்தது அவ்வளவுதான்.) நீ தம்பியைத் தப்பாக நினைக்காதே பன்னு, அவனுக்கும் பயம்தான், எனக்குப் பயம் வந்தால் ஊரார் கழுத்தைப் பார்க்கிறேன், அவனுக்குப் பயம் வந்தால் எதையாவது பதிந்து வைக்கவேண்டும். அவன் நச்சரித்ததில் இந்த ஞாயிற்றுக்கிழமை நானே உன்னிடம் கேட்டுவிடுவது என்று போனை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வாலுக்குட்டியிடம் கொடுத்து, தாத்தாவுக்குப் பாடிக்காட்டு என்றாய். பிள்ளை மழைக்குக் கூப்பிட்டது, விளக்குக்குக் கூப்பிட்டது, பிறகு சத்தமே இல்லை. எனக்குத் திக்கென்றது, ஹலோ ஹலோ என்று கத்தினேன், லைன் போய்விட்டது என்று தம்பியிடம் நீட்ட அவனும் பட்டென்று அணைத்துவிட்டான். நீ திரும்பக் கூப்பிட்டுச் சிரித்தாயே ஒரு சிரிப்பு, "அப்பா, அது மைக் நின்ன எடம்ப்பா, நீங்களே மறந்துட்டீங்களா" என்று, அந்தச் சிரிப்பின் வாலில் உனக்கு இருமல் வந்தது, நான் கேட்கவேண்டியதைக் கேட்காமலே வைத்துவிட்டேன். அன்றைக்கெல்லாம் எனக்கு அந்த இருமல்தான் காதில். ஆனால் மறுநாள் இன்னொன்றும் தோன்றியது. சத்தம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று நான் பதறிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க அந்தப் பிள்ளை அங்கே நிறுத்தாமல் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேள் அம்மா, பதிவு வேண்டாம். தம்பியிடமும் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், இரண்டு நாளில் இறங்கிவிடுவான். நீயாகப் பாடவேண்டும் என்று தோன்றினால் வாலுக்குட்டிக்குப் பாடு, எங்களுக்காக எடுத்து வைக்கிறமாதிரிப் பாடாதே. எங்களுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு பாடு. குரல் முன்புபோல வந்தால் முன்புபோலப் பாடு. கரகரத்தால் கரகரப்போடு பாடு, உன் பெரியப்பா குரலில் என்ன தேன் வடிந்ததா, துருப்பிடித்த பெடல் மாதிரிதான் இருக்கும், அதைக் கேட்கத்தானே உட்கார்ந்திருந்தோம். வரவே இல்லை என்றால், வராமல் போகாது, அப்படியே இருந்தாலும் மைக் நின்ற இடத்திலிருந்து ஆரம்பி. அதற்குக் குரல் வேண்டாம். முகம் தெரிகிறமாதிரிப் போனைத் தம்பி பிடித்துக்கொள்வான், நீ அங்கே உதட்டை அசை, நான் இங்கே அசைக்கிறேன். பெரியப்பா சொன்னதையோ மாமா சொன்னதையோ நான் சொல்லமாட்டேன், அம்மா சொன்னதைத்தான் சொல்வேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம் வரட்டும், எனக்கு வேறு வேலையில்லை, காத்திருக்கிறேன். இதைத் தைரியமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, சொல்லி முடிப்பதற்குள் இவள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கழுத்தில் எப்போதும் ஒரு துணி சுற்றிக்கொள், வேலையிடத்தில் குளிர்காற்று நேராக அடிக்கிற இடத்தில் உட்காராதே. ஆபரேஷன் ஆனபின் பேசாதே என்றால் பேசாதே, குசுகுசுவென்றும் பேசக்கூடாதாம், அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று இவள் சொல்கிறாள். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு மணி வாங்கி வைத்துக்கொள், எது வேண்டுமென்றாலும் ஆட்டு, இத்தனை வருஷம் நீ பேசியதை அவர் கேட்டார், கொஞ்ச நாள் மணியைக் கேட்கட்டும். மயக்கம் தெளிந்ததும் மாப்பிள்ளை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும், நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். வாலுக்குட்டியை என் சார்பில் கன்னத்தில் கிள்ளு, தாத்தா லைனைத் துண்டித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேட்கிற தூரத்தில் நீண்டகாலம் இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடிதம் வந்ததும் செய். அந்த டாக்டரிடம் போய் நின்று, நான் பாடுகிறவள் என்று சொல். எந்த மேடை என்று கேட்டால் வீட்டு மேடை என்று சொல். கூச்சமாக இருந்தால், எங்கப்பா சொல்லச் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடு. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு நான் கதவோரம் நின்றதால் அந்தக் கடைசி வரிசையை முதுகுப்பக்கமாகத்தான் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, பழைய சினிமாக் கொட்டகையை இடித்த வருஷம் போனார். அவருக்கு அடுத்து மாமா, ரயில் பாதையை அகலப்படுத்திய வருஷம். அவருக்கு அடுத்து அம்மா, ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்ததற்கு மறுவருஷம். மூன்று பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தோளில் தாடையை வைத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, மைக் நின்றபோதும் அழாமல், மாவு படிந்த என்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள்தான் அந்த வரிசையில் இன்னும் இருக்கிறது. அது நீதான், பன்னு.

பெருவிரல் மை வைத்து,
உன் அப்பா